தப்பியோடும் சாரதியும் கொலைக்குற்றமும்

திருவாரூர் வீதியிலே அரசிளங்குமரன் ஊர்ந்து சென்ற தேரின் காலில் ஓர் ஆன்கன்று அகப்பட்டு மாண்ட வரலாற்றை நம் கல்லூரியிற் பயின்றார் யாவரும் இளமையிலேயே கேட்டிருப்பர். பெரிய புராணத்தின் திருநகரச் சிறப்பிலே சேக்கிழார் பெருமான் அதனை விரித்துரைக்கின்றார். அநுராதபுரத்திலிருந்து அரசாண்ட எல்லாளன் மீதும் இதனையொத்த கதையொன்றை மகாவமிசம் கூறுகின்றது. இரண்டு கதைகளிலும் தாய்ப்பசு முறையீட்டு மணியை அசைக்கின்றது. இரண்டிலும் அரசன் தன் மகனென்றும் பாராது, கன்று இறந்தவாறே அவனும் இறக்குமாறு தேர்க்காலுக்கு அவனை இரையாக்குகின்றான்.

இக்கதையை அரசனது நடுவுநிலைமைக்கு எடுத்துக்காட்டாகவே நாம் கேட்டுப் பழகினோம். ஆயினும் சட்டம் பயில்வோன் ஒருவன் இதனை மீண்டும் படிப்பானாயின் அவன் கண்ணுக்கு வேறொன்றும் புலப்படும். மைந்தன் கன்றைக் கொல்லக் கருதினானல்லன். மறைநூல் விதித்த கழுவாயைச் செய்வித்தல் சாலுமென்று அமைச்சர் வேண்டினர். அரசனோ போன உயிரையே நோக்கினான். உயிருக்கு உயிரே ஈடென்றான். அமைச்சர் உரையின் பின்னே நிற்பது செய்தவன் உள்ளம். அரசன் முடிவின் பின்னே நிற்பது விளைந்த கேடு. இவ்விரண்டனுள் எதனைக்கொண்டு குற்றத்தை அளப்பது என்பதே குற்றவியற் சட்டத்தின் தீராத வினாவாகும்.

இன்று தேர் ஒழிந்தது. மோட்டார் வண்டி வந்தது. வினா மட்டும் ஒழிந்திலது. அவ்வினா மிகக் கடுமையாக எழுமிடம் எதுவெனின், பொலிசார் நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாது தப்பியோடும் சாரதி ஒருவன் வழியில் ஓர் உயிரை மாய்த்துவிடுமிடமாம். அவன் விரும்பியது தப்புதல், விளைந்தது சாவு. அவனைக் கொலைஞன் என்பதா? கவனயீனன் என்பதா? இரண்டிற்கும் இடையே வேறு பெயர் உண்டா? இவ்வினாவுக்கு ஆங்கில நாட்டு நீதிமன்றங்களும் பாராளுமன்றமும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக விடை தேடிய வரலாற்றை ஈண்டு விளக்க முயல்கின்றோம். ஆங்கிலச் சட்டத்தை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் இரண்டு. இவ்வினா அங்கே இரண்டு பெரிய வழக்குகளில் வெளிப்படையாக ஆராயப்பட்டது என்பது ஒன்று. நம் நாட்டு நீதிமன்றங்கள் நெடுங்காலம் அந்நாட்டுத் தீர்ப்புக்களை மதித்துப் படித்து வந்தன என்பது மற்றொன்று.

முதலிற் சில சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஒருவன் சாவுக்குக் காரணமாயினானை ஆங்கிலச் சட்டம் பல படிகளில் வைத்து நோக்குகின்றது. மேற்படியில் நிற்பது கொலை. கொல்லவேண்டும் என்றோ, கடுங்காயம் விளைக்கவேண்டும் என்றோ உட்கருத்து இருந்தாலன்றிக் கொலைக்குற்றம் இல்லை. அதற்கு அடுத்த படியில் நிற்பதைக் கைமோசக் கொலை என்று நம்மவர் வழங்குவர். இது பெரும்பாலும் இரு வழியில் விளையும். ஊறு நேருமென்று நிதானமுள்ள எவனும் காணத்தக்க சட்டவிரோதச் செயலொன்றினால் உயிர் போதல் ஒரு வழி. மன்னிக்கவொண்ணாத பெருங் கவனயீனத்தால் உயிர் போதல் மற்றொரு வழி. இவற்றின் கீழ், அபாயகரமாக வண்டி செலுத்தி மரணம் விளைத்தல், கவனமின்றி வண்டி செலுத்தி மரணம் விளைத்தல் என்னும் வீதிக் குற்றங்கள் நிற்கின்றன. இறந்தவனுக்கு எல்லாப் படியும் ஒன்றே. அவன் திரும்பி வாரான். படிகள் வேறுபடுவது கொன்றவன் உள்ளத்தினாலேயாம்.

இனி முதல் வழக்கிற்கு வருவோம். 1960 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், இலண்டன் மாநகரின் தென்கிழக்கே உள்ள வூலிச் என்னும் பகுதியிலே சிமித் என்பான் ஒருவன் காரொன்றைச் செலுத்தி வந்தான். காரில் திருட்டு இரும்புச் சாமான்கள் இருந்தன. போக்குவரத்தின் பொருட்டு வண்டி நின்றபோது, அவனை முன்னரே அறிந்த பொலிஸ் கொன்ஸ்தாபிள் ஒருவர் காரினுள் இருந்த சாக்குகளைக் கண்டு ஐயுற்று, வீதியோரமாக நிறுத்துமாறு பணித்தார். சிமித் அவ்வாறு செய்வான்போலத் தொடங்கிப் பின் வேகத்தை முடுக்கினான். கொன்ஸ்தாபிள் காரைப் பற்றியபடியே தொங்கினார். கார் வளைந்து வளைந்து ஓடிற்று. எதிரே வந்த வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக அவர் உடலில் மோதின. ஈற்றில் அவர் பிடி தளர்ந்து, எதிர்வந்த வண்டியொன்றின் முன் வீழ்ந்து உயிர் துறந்தார். சிமித் சிறிது தூரம் சென்று திருட்டுப் பொருள்களை எறிந்துவிட்டு, வீழ்ந்த இடத்துக்கே திரும்பி வந்தான்.

பொலிஸ் உத்தியோகத்தரைக் கடமை செய்யும்போது கொலை செய்தவனுக்கு 1957 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தூக்குத் தண்டனை உரியது. எனவே வழக்கில் வாதிக்கப்பட்டது ஒரு சொல்லின் பொருள் மட்டுமன்று, ஓர் உயிருமாம். எதிரியின் பக்கத்து நியாயம் எளியது: காரைப் பற்றியவரை உதறிவிட்டுத் தப்பவே எண்ணினான், கொல்லவோ கடுங்காயம் விளைக்கவோ எண்ணினானல்லன் என்பதே. அரச தரப்போ, ஓடும் வண்டிகளிடையே ஒரு மனிதனைத் தொங்கவிட்டுக்கொண்டு விரைபவன் என்ன விளையுமென்று அறியாதிருத்தல் இயலுமோ என்று வினவிற்று.

யூரர் அவனைக் கொலைக்குற்றவாளி எனக் கண்டனர். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றிக் கைமோசக் கொலை எனத் தீர்த்துப் பத்தாண்டு மறியல் விதித்தது. அரச தரப்பு பிரபுக்கள் சபைக்குச் சென்றது. அங்கே கில்முயர் பிரபு கூறிய தீர்ப்பு மீண்டும் கொலைக்குற்றத்தையே நிலைநாட்டிற்று. அத்தீர்ப்பின் சாரம் இது: எதிரி தன் உள்ளத்தில் உண்மையாகவே எதனைக் கருதினான் என்று ஆராயவேண்டியதில்லை. அவன் அறிவுத் தெளிவோடு ஒரு செயலைத் தானே விரும்பிச் செய்தானாயின், அச்செயலின் இயல்பான விளைவு கடுங்காயம் என்று நிதானமுள்ள சாதாரண மனிதன் ஒருவன் கண்டிருப்பானோ என்பதொன்றே வினா. கண்டிருப்பான் என்றால் எதிரியும் அதனைக் கருதியவனாகவே கொள்ளப்படுவான்.

மேலெழுந்தவாரியாகப் பார்ப்போர்க்கு இது நேரிய முடிவாகவே தோன்றும். ஒருவன் நெஞ்சுக்குள் புகுந்து பார்த்தார் யார்? செயலைக் கொண்டல்லவோ கருத்தை அறிகின்றோம்? உண்மையே. செயலைக் கொண்டு கருத்தை ஊகித்தல் எல்லா நீதிமன்றங்களிலும் நாடோறும் நிகழ்வது. ஆயின் ஊகித்தல் வேறு, ஏற்றிவைத்தல் வேறு. சாதாரண மனிதன் கண்டிருப்பான் என்பது, எதிரியும் கண்டான் என்பதற்கு ஒரு சான்று ஆகலாம். அதுவே முடிவு ஆகாது. பிரபுக்கள் சபை சான்றை முடிவாக்கிற்று. அச்சத்தினால் மதி கலங்கியவன், இளமையினால் விளைவு தெரியாதவன், அறிவு மந்தமானவன் ஆகிய யாவரும் தமக்கு இல்லாத நிதானத்தைத் தம்மிடம் இருந்ததாகக் கொண்டு தூக்குமரத்துக்கு அனுப்பப்படும் நிலை அதனால் உண்டாயிற்று. மதியீனத்தைக் கொடுமையோடு ஒன்றாக வைத்து எண்ணுதல் நீதியாகாது.

தீர்ப்பு வெளிவந்ததும் கிளான்வில் வில்லியம்ஸ் முதலாய சட்ட அறிஞர் அதனைக் கடுமையாகக் கண்டித்தனர். 1963 இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தின் பிரதம நீதியரசர் டிக்சன், பார்க்கர் என்பானது வழக்கிலே, இத்தீர்ப்பைத் தாம் பின்பற்றுதற்கில்லை என்று வெளிப்படக் கூறினார். ஆங்கில நாட்டுப் பாராளுமன்றமே 1967 ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 8 ஆம் பிரிவினால் வழியை மாற்றிற்று. ஒரு விளைவு செயலின் இயல்பான பயன் என்ற காரணம் பற்றி மட்டும் எதிரி அதனைக் கருதினான் என்று யூரர் முடிவு செய்யக் கடமைப்பட்டவரல்லர் என்றும், எல்லாச் சான்றுகளையும் சீர்தூக்கியே அவன் உண்மையிற் கருதினானோ எனத் துணியவேண்டும் என்றும் அப்பிரிவு விதித்தது. 1987 இல் மான் தீவிலிருந்து வந்த மேன்முறையீட்டில் கோமறைக் கழகம், சிமித் வழக்கின் தீர்ப்பு பொதுச்சட்டத்தைப் பிழைபட உரைத்தது என்று ஒப்புக்கொண்டது. சிமித் தூக்கிலிடப்பட்டிலன் என்பதே இவ்வரலாற்றில் நமக்கு ஆறுதல். தூக்கிலிட்டிருப்பின் இருபத்தேழு ஆண்டுகளின் பின் வந்த அவ்வொப்புதலால் அவனுக்கு ஆவதென்ன?

1998 இல் வூலின் என்பானது வழக்கிலே பிரபுக்கள் சபை இன்று நிலவும் விதியைத் தெளிவாக வகுத்தது. சாவோ கடுங்காயமோ தன் செயலால் ஏறத்தாழ நிச்சயமாக விளையும் என்பது உண்மையாகவும் இருந்து, எதிரியும் அதனை அவ்வாறே உணர்ந்திருந்தாலன்றி, விரும்பாத விளைவை அவன் கருதினான் என்று யூரர் கொள்ளுதல் ஆகாது என்பதே அவ்விதி. நேரலாம் என்று அறிதல் போதாது. நேர்ந்தே தீரும் என்று அறிதல் வேண்டும். அறிந்தவனும் எதிரியாகவே இருத்தல் வேண்டும். அவனிடத்தில் நாம் கற்பித்து நிறுத்தும் நிதானவான் அறிந்திருத்தல் போதாது.

இவ்விதி எத்துணைப் பெரிய துயரத்தின் முன் நின்று தாங்கவேண்டியதாயிற்று என்பதை இரண்டாவது வழக்கு காட்டும். 2019 ஆம் ஆண்டு ஓகஸ்டு 15 ஆம் நாள் இரவு, இங்கிலாந்தின் பார்க்ஷயர் மாகாணத்துக் கிராமப் பகுதியொன்றிலே நாற்சக்கர மோட்டார்ச் சைக்கிள் ஒன்று களவு போகின்றது என்ற செய்தி கேட்டுப் பொலிசார் சென்றனர். இளைஞர் மூவர் அதனைக் காரின் பின்னே பட்டையொன்றினாற் கட்டி இழுத்து வந்தனர். பொலிசாரைக் கண்டதும் மோட்டார்ச் சைக்கிளைக் கழற்றிவிட்டுக் காரில் ஏறித் தப்பியோடினர். அவர்களைப் பிடிக்க வண்டியை விட்டிறங்கிய இளம் கொன்ஸ்தாபிளின் கால்கள், தரையிற் கிடந்த பட்டையின் வளையத்துள் சிக்கின. கார் ஒரு மைலுக்கு மேல் வளைந்த ஒழுங்கைகளினூடே அவரை இழுத்தோடிற்று. அவர் மாண்டார். மணம் முடித்து ஒரு திங்களும் நிறையாத மனிதர் அவர்.

மூவர் மீதும் கொலைக்குற்றம் சாட்டப்பட்டது. அவர்கள் கூறியது யாதெனின், பின்னே ஒரு மனிதன் சிக்கியிருந்தான் என்பதைத் தாம் அறிந்திலம் என்பதே. வழக்கு முழுவதும் அவ்வொரு வினாவைச் சுற்றியே நிகழ்ந்தது. அறிந்திருந்தாராயின், அவ்வாறு இழுத்துச் செல்வதனால் விளைவது யாது என்பதில் ஐயத்திற்கு இடமில்லை, அது கொலையே. அறிந்திலராயின் அது கொலையாகாது. 2020 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் யூரர் மூவரையும் கொலைக்குற்றத்தினின்றும் விடுவித்தனர். சாரதி கைமோசக் கொலையைத் தானே ஒப்புக்கொண்டிருந்தான். மற்றிருவரையும் யூரர் அக்குற்றத்துக்கு உரியவர் எனக் கண்டனர். சாரதிக்குப் பதினாறாண்டும் மற்றிருவர்க்கும் தனித்தனி பதின்மூன்றாண்டும் மறியல் விதிக்கப்பட்டது. தண்டனை போதாதென்று சட்டமா அதிபர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை அணுகினார். தண்டனை மிகையென்று எதிரிகளும் அணுகினர். அவ்வாண்டு டிசம்பரில் நீதிமன்றம் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

நாடெங்கும் மக்கள் கொதித்தனர். அக்கொதிப்பை நாம் எளிதிற் குறைகூற முடியாது. கடமையிலே சென்ற கணவன் பிணமாகத் திரும்புவதைக் கண்ட இளம் மனைவியின் முன் நின்று, உட்கருத்து என்றும் அறிவு என்றும் சட்டச் சொற்களைப் பேசுதல் எத்துணைக் கடினம்! ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1960 ஆம் ஆண்டின் விதி 2020 இலும் நிலவியிருப்பின், ஓடும் காரின் பின்னே பட்டையைத் தொங்கவிட்டு விரைபவன் நிதானமுள்ளவனாயின் என்ன கண்டிருப்பான் என்ற ஒரு வினாவினால் மூவரையும் கொலைஞர் ஆக்கியிருத்தல் கூடும். அவர்கள் உண்மையில் அறிந்தனரோ அறிந்திலரோ என்பதை எவரும் கேட்டிரார். அந்த ஒரு வினாவைக் கேட்பதற்காகவே யூரர் பல வாரம் அமர்ந்து சான்றுகளைக் கேட்டனர். அவர்கள் விடை துயருற்றோரை ஆற்றவில்லை. எனினும் கேட்கவேண்டிய வினாவுக்கே அவர்கள் விடையளித்தனர்.

இறந்தவருடைய மனைவியார் சோர்ந்திருந்தாரல்லர். சட்டத்தைத் திருத்தவேண்டும் என்று அவர் தொடுத்த முயற்சி 2022 இல் பயன் தந்தது. அவ்வாண்டு நிறைவேறிய சட்டத்தின்படி, பொலிசார், தீயணைப்போர், சிறைக்காவலர், மருத்துவ ஊழியர் முதலாய அவசர சேவையாளர் ஒருவர் கடமையில் இருக்கும்போது சட்டவிரோதச் செயலினால் அவரைக் கைமோசக் கொலை செய்தவன், குற்றம் செய்தபோது பதினாறு வயது நிரம்பியவனாயின், மிக அரிய சூழ்நிலையிலன்றி ஆயுள் மறியலுக்கு உரியவனாவான். இதனை இறந்தவர் பெயரால் ஹாப்பர் சட்டம் என வழங்குவர்.

இச்சட்டத்திலே நாம் கூர்ந்து நோக்கவேண்டியது ஒன்றுண்டு. 1960 இற் போலக் குற்றத்தின் பெயரை மாற்ற இது முயலவில்லை. அறியாது கொன்றவனை அறிந்து கொன்றவன் என்று அழைக்கவில்லை. கைமோசக் கொலையைக் கைமோசக் கொலை என்றே வைத்துக்கொண்டு, அதற்குரிய தண்டனையின் பாரத்தை மட்டும் உயர்த்திற்று. நீதிபதியின் கையைக் கட்டும் தண்டனை விதிகள் நன்றோ என்று ஐயுறுவோர் உளர்; அவ்வையத்தில் நமக்கும் பங்குண்டு. ஆயினும் பொய்யான பெயரினும் கடுமையான தண்டனை நேர்மையுடையது. தண்டனை மிகையாயின் அதனைப் பின்னர்க் குறைக்கலாம்; ஒருவன் உள்ளத்தில் இல்லாததை இருந்ததாகச் சட்டமே கூறத் தொடங்குமாயின், அச்சட்டத்தின் எந்தச் சொல்லையும் பின் நம்புதற்கில்லை.

இதுவரை பொலிசாரே இறந்த வழக்குகளைக் கண்டோம். ஆயின் தப்பியோடும் சாரதியின் முன் அகப்படுவோர் வழிப்போக்கராகவும் இருப்பர். பாதை கடக்கும் முதியவர், சைக்கிளிற் செல்லும் மாணவன், தன் குடும்பத்தோடு எதிரே வரும் இன்னொரு சாரதி ஆகியோரும் இறப்பர். இவர்களை அவன் கண்டுமிருக்கமாட்டான். இத்தகைய வழக்குகளிற் கொலைக்குற்றம் நிலைபெறுதல் அரிது. கவனமின்றிச் செய்தமையால் மட்டும் நேரிய செயல் சட்டவிரோதச் செயலாகாது என்றும், கைமோசக் கொலைக்கு மிகப் பெரிய கவனயீனம் வேண்டும் என்றும் 1937 இல் அற்கின் பிரபு ஆண்ட்ரூஸ் என்பானது வழக்கில் விளக்கினார். யூரரும் தாமே வண்டி செலுத்துவோராதலின் சாரதிகளைக் கைமோசக் கொலைக்குற்றவாளிகள் என்று கூறத் தயங்கினர். அத்தயக்கத்தைக் கண்டே 1956 இல் அபாயகரமாக வண்டி செலுத்தி மரணம் விளைத்தல் என்னும் தனிக் குற்றம் வகுக்கப்பட்டது. அன்று அதற்கு உச்சத் தண்டனை ஐந்தாண்டு. பின்னர் அது படிப்படியாக உயர்ந்து பதினான்காண்டாகி, 2022 முதல் ஆயுள் மறியல் வரை செல்லக்கூடியதாயிற்று.

துரத்துவோர்க்கும் பொறுப்பு இல்லையோ என்று சிலர் கேட்பர். உண்டு. ஓடுபவனைப் பிடிக்கும் ஆர்வத்தினால் சந்தடி மிகுந்த வீதியிலே வேகத்தைக் கூட்டும் பொலிஸ் சாரதியும் ஓர் உயிரைப் போக்கக்கூடும். முன்னர் அவனையும் சாதாரணச் சாரதிக்குரிய அளவுகோலால் ஆங்கிலச் சட்டம் அளந்தது. 2022 ஆம் ஆண்டுச் சட்டம், உரிய பயிற்சி பெற்ற திறமையும் கவனமும் உடைய பொலிஸ் சாரதி ஒருவன் அந்நிலையில் எவ்வாறு செலுத்துவானோ அவ்வளவுகோலால் அவனை அளக்க வழி செய்தது. அளவுகோல் மாறிற்று, அளத்தல் ஒழிந்திலது. தப்பியோடும் திருடனைப் பிடிப்பதினும் வழியிற் செல்லும் குழந்தையின் உயிர் பெரிது என்பதைத் துரத்துவோனும் மறத்தலாகாது.

வேறொரு வழியை ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் கண்டது. 2009 ஆம் ஆண்டின் இறுதி நாளிலே, பொலிசார் துரத்தத் தப்பியோடிய கார் மோதி ஒரு பச்சிளங் குழந்தை இறந்தது. 2010 இல் அம்மாநிலம், பொலிசார் துரத்துவதை அறிந்தும் நிறுத்தாது அபாயகரமாகச் செலுத்துதலையே தனிக் குற்றமாக்கிற்று. முதன்முறை செய்வோனுக்கு மூன்றாண்டு வரையும், மீண்டும் செய்வோனுக்கு ஐந்தாண்டு வரையும் மறியல் உண்டு. உயிர் போனதா இல்லையா என்பதை இக்குற்றம் நோக்குவதில்லை. அது தற்செயல் சார்ந்தது. ஓடுதல் என்னும் முடிவோ சாரதியின் உள்ளம் சார்ந்தது. அவன் தானே அறிந்து செய்தது. அறிந்து செய்ததற்கு அவனைத் தண்டித்தலில் எவ்விதக் கற்பனையும் வேண்டியதில்லை. இவ்வழியே நேரியதென்பது நம் கருத்து.

இனி நம் நாட்டுச் சட்டத்தைச் சிறிது நோக்குவோம். நம் தண்டனைச் சட்டக்கோவை 1883 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகப் பிறந்தது. மெக்கோலே பிரபு முதலில் வரைந்து 1860 இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டமே அதற்கு முன்மாதிரி. அதன் 293 ஆம், 294 ஆம் பிரிவுகள் உயிர்போக்கிய குற்றத்தையும் கொலையையும் வகுக்கும்போது, உட்கருத்து, அறிவு என்னும் இரண்டு சொற்களையே அடிப்படையாகக் கொள்கின்றன. பெரும்பாலும் சாவையே விளைக்கத்தக்க அத்துணை அபாயமான செயல் என்று அறிந்தும், அவ்வபாயத்தை மேற்கொள்ளத் தக்க காரணமின்றிச் செய்தவனும் கொலைஞனே என்கின்றது 294 ஆம் பிரிவின் ஒரு கூறு. சனம் நிறைந்த சந்தைக்குள்ளே தெரிந்தே வண்டியைப் பாய்ச்சித் தப்புபவனை இக்கூறு விடாது. ஆயின் இங்கே சொல்லப்பட்டது அவனுடைய அறிவு. அவன் அறிந்திருக்கவேண்டியது அன்று. அறிவும் கருத்தும் இல்லாது துணிச்சலினாலோ கவனயீனத்தினாலோ மரணம் விளைத்தவனை 298 ஆம் பிரிவு ஐந்தாண்டு வரையான மறியலுக்கோ குற்றப்பணத்துக்கோ இரண்டிற்குமோ உரியவனாக்குகின்றது. பிரபுக்கள் சபை 1960 இல் இடறிய இடத்திலே, 1883 இன் சட்டக்கோவை சொல்லளவிலேனும் இடறாது நின்றது என்பதை நம் மாணவர் குறித்துக்கொள்வாராக.

மோதிய பின் ஓடுதல் இதனோடு சேர்த்தெண்ணவேண்டிய மற்றொரு தீமை. விபத்து நேர்ந்தால் சாரதி வண்டியை நிறுத்தவேண்டும் என்பது 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் விதித்த கடமை. இந்தியாவிலே புதிய குற்றவியற் சட்டத்தின் 106 ஆம் பிரிவு, மரணம் விளைத்தபின் அறிவியாது ஓடும் சாரதிக்குப் பத்தாண்டு வரை மறியல் விதிக்க முற்பட்டபோது, 2024 ஆம் ஆண்டு ஜனவரியிலே லொறிச் சாரதிகள் வேலைநிறுத்தம் செய்தனர். நின்றால் சனக்கூட்டம் அடித்தே கொன்றுவிடும். அதற்கஞ்சியே ஓடுகின்றோம் என்றனர் அவர்கள். 2024 ஜூலை முதலாம் நாள் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அவ்வுட்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. சாரதிகள் கூறியது வெற்றுச் சாக்கு என்று தள்ளிவிடுதற்கில்லை. நம் சந்திகளிலும் விபத்து நேர்ந்த கணத்தே தடியோடு ஓடிவருவார் இல்லையோ? காயமுற்றவனைத் தூக்குவதற்கு முன் சாரதியைத் தேடுவார் இல்லையோ? நிற்கும் சாரதியை அடிக்கும் ஊர், அடுத்த சாரதிக்கு ஓடக் கற்பிக்கின்றது. ஓடிய சாரதியால் வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லப்படாது வீதியிலே குருதி வடிந்து இறப்பவன் சாவில் அவ்வூருக்கும் பங்குண்டு.

ஆகவே நாம் கூறக் கருதியதைத் தொகுத்துரைப்போம். தப்பியோடும் சாரதியால் உயிர் போகுமிடத்து, குற்றத்தின் பெயரை அவன் உள்ளம் தீர்மானித்தல் வேண்டும். போன உயிரின் பாரம் தண்டனையிலே சேர்தல் வேண்டும். ஓடுதல் என்னும் முடிவு, உயிர் போயினும் போகாவிடினும், தானே ஒரு குற்றமாதல் வேண்டும். இம்மூன்றையும் வேறுவேறாக வைத்து நோக்காது ஒன்றாகக் குழைத்தமையே 1960 இன் பிழை.

நம் கல்லூரியிற் பயிலும் மாணவருள் நாளை நியாயவாதிகளாகவும் நீதிபதிகளாகவும் பொலிஸ் உத்தியோகத்தராகவும் வருவார் பலர் உளர். அவர்கள் முன்னே ஒரு நாள் ஓடிக் கொன்ற இளைஞன் ஒருவன் கூட்டிலே நிற்பான். பின்வரிசையிலே இறந்தவன் தாய் இருப்பாள். அத்தாயின் கண்ணீர் தீர்ப்பின் கடுமையை எழுதட்டும். குற்றத்தின் பெயரை எழுதாதிருக்கட்டும். வண்டி செலுத்தும் வயதை எட்டிய மாணவர்க்கோ சட்டநூல் வேண்டியதில்லை. கை காட்டி நிறுத்துமிடத்து நிறுத்துக. அனுமதிப்பத்திரம் இல்லாமையோ, தலைக்கவசம் இல்லாமையோ, வேறெந்தச் சிறு குற்றமோ, ஓடத் தொடங்கிய கணத்தில் உயிர்க்குற்றமாக வளரக்கூடும். மோதிவிட்டாலும் நிற்க, வீழ்ந்தவனைத் தூக்குக.

திருவாரூர் இளவரசன் நின்றான் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகின்றோம். கன்று வீழ்ந்தது கண்டதும் அவன் குதிரைகளை முடுக்கினானல்லன். தேரினின்றும் இறங்கி உள்ளம் பதைத்து, இதற்குக் கழுவாய் யாதென்று தேடினான். அரசன் நீதியைப் போற்றும் நாம் மைந்தன் இறங்கி நின்றதையும் போற்றுதல் வேண்டும். சட்டங்கள் எத்துணை நுணுக்கமாக வகுக்கப்படினும், வண்டியின் வேகத்தைத் தணிக்கும் கால் சாரதியினுடையதேயன்றோ?